ஔவையைத் தேடும் கணிப்பொறி

தகடூர் என்று சொன்னவுடன் தமிழ் படித்தோர் நெஞ்சில் இரண்டு பெயர்கள் எழும். ஒன்று, அதியமான் நெடுமான் அஞ்சி. மற்றொன்று, அவன் நெல்லிக்கனி ஈந்து போற்றிய ஔவையார். தருமபுரி மாவட்டத்து மாணவர்களாகிய நாம் பேச்சுப்போட்டி மேடையில் ஏறினால் இவ்விருவரையும் அழைக்காமல் இறங்குவதில்லை. அத்தகைய ஔவையாரைத் தகடூர் மண்ணிலேயே ஒரு கணிப்பொறியில் தேடினால் அகப்படமாட்டார் என்று சொன்னால் நம்புவீர்களா?

'ஔ' என்பது ஓர் எழுத்து. ஆனால் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து, பின்னர்ப் புதிய முறைக்கு மாற்றப்பட்ட ஆவணங்கள் பலவற்றில் அது 'ஒ' என்ற எழுத்தும், அதை அடுத்து 'ள' என்ற எழுத்துமாக, இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. நம் கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. பாட்டியின் பெயர் என்று தெரிந்து படித்துவிடுகிறோம். கணிப்பொறிக்குப் பாட்டியும் தெரியாது, நெல்லிக்கனியும் தெரியாது. அதற்கு எண்கள் மட்டுமே தெரியும். நாம் ஒரே எழுத்தாக அடித்துத் தேடினால், இரண்டாகக் கிடக்கும் இடங்கள் அத்தனையையும் தாண்டிப் போய், 'இல்லை' என்று சொல்லிவிடுகிறது. 'அவ்வையார்' என்று எழுதுவோரும் உண்டு; அது இலக்கணம் அறிந்தே செய்யும் தேர்வு. இரண்டாகப் பிளந்த ஔவையாரோ எவரும் தேர்ந்தெடுத்ததன்று. ஓர் இயந்திரம் செய்து வைத்தது.

சிறிய விஷயம்தானே என்று சிலர் எண்ணலாம். நான் அவ்வாறு எண்ணவில்லை. பழைய சொற்செயலியிலிருந்து புதிய சொற்செயலிக்கு ஆவணங்களை மாற்றுவதைக் கணிப்பொறிக் கடையின் வேலை என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். அது ஏட்டுச் சுவடியிலிருந்து அச்சுக்கு நூல்களைக் கொண்டுவந்ததைப் போன்ற பதிப்புப் பணி. தமிழ் படிக்கும் மாணவர்கள் கைவைக்க வேண்டிய பணி. இதுவே என் கருத்து. ஏன் இவ்வாறு சொல்கிறேன் என்பதை விளக்க, முதலில் இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

முகமூடி அணிந்த எழுத்துகள்

கணிப்பொறி ஆங்கிலத்துக்கென்று பிறந்தது. ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் அதில் ஓர் எண் உண்டு. தமிழுக்கு இடம் கிடைக்காத அந்தக் காலத்தில் நம்மவர்கள் ஓர் உபாயம் செய்தார்கள். எண்ணை மாற்றாமல் படத்தை மட்டும் மாற்றினார்கள். அதாவது, ஆங்கில எழுத்தின் எண்ணுக்கு நேரே தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்தார்கள். இதுதான் பழைய எழுத்துருவின் சூத்திரம். ஈழத்தமிழரிடையேயும் தமிழகத்து அச்சகங்களிலும் பெரிதும் பரவிய 'பாமினி' எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் 'தமிழ்' என்ற சொல் கணிப்பொறியின் வயிற்றுக்குள் எப்படி இருக்கிறது தெரியுமா? ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும், இறுதியில் ஓர் அரைப்புள்ளியுமாக இருக்கிறது! பாமினி என்ற முகமூடி இருக்கும்வரை அது தமிழ். முகமூடியைக் கழற்றினால் எந்த மொழியிலும் பொருள்படாத ஐந்து குறிகள்.

முகமூடி ஒன்றே ஒன்றாக இருந்திருந்தால் தொல்லை குறைந்திருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வரிசையில் எழுத்துகளை அடுக்கியது. ஒன்றில் 'த' இருக்கும் இடத்தில் மற்றொன்றில் 'ப' இருக்கும். 1985ஆம் ஆண்டு மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு தொடங்கி, நம் அரசு அலுவலகங்கள் நன்கறிந்த வானவில் வரை எத்தனையோ மென்பொருள்கள் வந்தன. அவற்றை ஆக்கியோரை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் காத்திருந்திருந்தால் தமிழ் அத்தனை ஆண்டுகளும் கணிப்பொறிக்கு வெளியே நின்றிருக்கும். கல்யாண மண்டபத்தில் பந்திப்பாய் வரும்வரை நிற்காமல், பசித்தவர்கள் கிடைத்த இடத்தில் இலை போட்டு உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

ஒழுங்குபடுத்தும் முயற்சிகளும் நடந்தன. இணையத்தில் கூடிய தன்னார்வலர்கள் 'திஸ்கி' என்ற பொதுக் குறியீட்டை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டி 'டாம்', 'டாப்' என்னும் இரு குறியீடுகளும், தமிழ் 99 விசைப்பலகையும் வந்தன. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் தரும் ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டு வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் அதைக் காட்டத் தெரிந்த இயங்குதளம் நம் கைக்கு வந்தது விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவுடன் வந்த பிறகே. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த வேளையில், தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் 'டேஸ் 16' என்ற குறியீட்டையும் தரமாக ஏற்று ஆணையிட்டது. சட்டப்படி பார்த்தால் வழக்கு அன்றே முடிந்துவிட்டது. நடைமுறையில் முடியவில்லை. அதற்குக் காரணம் அச்சகம்.

நம் பக்கத்து அச்சகங்களில் பக்கம் கட்டுவதற்குப் 'பேஜ்மேக்கர்' என்ற மென்பொருளையே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். அதன் கடைசிப் பதிப்பு வெளிவந்தது 2001இல். ஒருங்குறித் தமிழை அது அறியாது. ஆகவே இன்றும் சில இடங்களில் நாம் கைப்பேசியில் ஒருங்குறியில் அடித்துக் கொடுத்தாலும், கடையில் அதைப் பழைய எழுத்துருவுக்குப் பின்னோக்கி மாற்றித்தான் பக்கத்தில் ஊற்றுகிறார்கள். மெய்ப்புத் திருத்தங்கள் எல்லாம் அந்தப் பழைய எழுத்துருக் கோப்பில்தான் செய்யப்படுகின்றன. நம்மிடம் இருப்பது பிழை மலிந்த முதல் படி. திருத்திய நல்ல படி அச்சகத்தின் கணிப்பொறியில், முகமூடியோடு இருக்கிறது. இந்த ஒரு செய்தியை மலர்க் குழுவினர் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இதற்கு வருகிறேன்.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த தலைவிதி என்று யாரும் எண்ண வேண்டாம். கொழும்பில் வாழ்ந்த ஆங்கில அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 1982இல் வெளியான தமது நாவலை 'வேர்ட்ஸ்டார்' என்ற சொல்செயலியில் எழுதி, ஐந்தங்குலத் தட்டு ஒன்றில் அடக்கி நியூயார்க்குக்கு அனுப்பினார். அந்நாளில் அது ஓர் அதிசயம். அதே வேர்ட்ஸ்டார் ஆவணங்களைப் பிற்காலத்தில் வேறு மென்பொருளில் திறந்தவர்கள், ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் விகாரமாக இருப்பதைக் கண்டார்கள். சொல் முடியும் இடத்தை நினைவில் கொள்ள, கடைசி எழுத்தின் எண்ணில் ஒரு சின்ன அடையாளத்தை அந்த மென்பொருள் சேர்த்து வைத்திருந்ததே காரணம். மைக்ரோசாப்ட் நிறுவனமோ 2007இல் தன் 'வேர்ட் 2003'க்கு அனுப்பிய ஒரு மேம்பாட்டில், தன்னுடைய பழைய கோப்பு வகைகள் சிலவற்றையே பாதுகாப்பைக் காரணம் காட்டித் திறக்க மறுத்தது. ஆங்கிலத்துக்கே இந்தக் கதி. ஆயினும் ஆங்கிலக் கோப்பில் எழுத்து எழுத்தாகவே இருந்தது, வடிவமைப்புத்தான் சிதைந்தது. நமக்கோ எழுத்தே முகமூடி.

கம்பைநல்லூரில் கற்றது

எங்கள் ஊராகிய கம்பைநல்லூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஊரில் எல்லோரும் 'வாத்தியார் ஐயா' என்றே அழைப்போம். வயல்களின் பெயர்கள், ஏரி குளங்களின் பெயர்கள், தெருக்கூத்து ஆடியவர்களின் பரம்பரை, மூதாட்டிகள் சொன்ன விடுகதைகள், தென்பெண்ணையில் பிடிபட்ட மீன்கள் என்று பல்லாண்டுகள் அலைந்து திரட்டியிருந்தார். 2004ஆம் ஆண்டு வாக்கில் அவற்றை வெளியூர்க் கடை ஒன்றில் கொடுத்துத் தட்டச்சு செய்தார். நூலாக அச்சிடப் பணம் கூடவில்லை. கையெழுத்துப்படி கரையானுக்குப் போயிற்று. கடையும் பின்னர் மூடப்பட்டது. எஞ்சியது ஒரு குறுந்தகடு.

அந்தத் தகட்டைக் கடைகளுக்கு எடுத்துச் சென்றபோது கிடைத்த பதிலை அப்படியே எழுதுகிறேன். "தம்பி, ஃபாண்ட் இல்ல. இது வெறும் இங்கிலீஷ் எழுத்தா வருது. பேசாம புதுசா டைப் பண்ணிடுங்க." எதைப் பார்த்துத் தட்டச்சு செய்வது? கையெழுத்துப்படிதான் இல்லையே! இதைத்தான் நான் எல்லோரும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறேன். கோப்பு அழியவில்லை. ஒவ்வோர் எண்ணும் அப்படியே இருக்கிறது. எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் திறவுகோல் மட்டும் இல்லை. பிராமிக் கல்வெட்டுகளும் பல நூற்றாண்டுகள் இப்படித்தான் நின்றன. கல் அழியவில்லை, படிக்கத் தெரிந்தவர் இல்லை. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் படித்துக் காட்டிய பிறகே அசோகனின் சொற்கள் வெளிவந்தன. அந்த வழி தெரிந்திருந்ததால்தான் 1981இல் ஜம்பையில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டில் நம் அதியமானின் பெயரைப் படிக்க முடிந்தது.

எங்களுக்குப் பிரின்செப் வேண்டியிருக்கவில்லை. கணிப்பொறி அறிவியல் படிக்கும் நண்பர் ஒருவரும் நானும், பேஜ்மேக்கர் இன்னும் உயிரோடிருந்த ஒரு பழைய கணிப்பொறியைத் தேடிப் பிடித்து, எழுத்துப்பகுதியை மட்டும் வெளியே எடுத்தோம். எழுத்துருக்களை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்ததில் அது பாமினி என்று தெரிந்தது. மாற்றிகளுக்குப் பஞ்சமில்லை. ஈழத்தவரான சுரதா யாழ்வாணன் ஆக்கிய 'பொங்கு தமிழ்', நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வழங்கிய என்.எச்.எம். மாற்றி, தமிழ் இணையக் கல்விக்கழகம் தரும் கருவிகள் என்று பல உண்டு. ஒரு விசையை அழுத்தினோம். நொடிப்பொழுதில் பக்கம் பக்கமாகத் தமிழ்! ஐயாவின் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை எழுத எனக்கு ஆற்றல் இல்லை. வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் எண்ணுவார்கள். வேலை அங்கேதான் தொடங்கியது.

முதலில் மாட்டியது காற்புள்ளி. "ஏரிஇ குளம்இ கிணறு" என்று எங்கும் 'இ' முளைத்திருந்தது. பாமினியில் ஆங்கிலக் காற்புள்ளியின் இடத்தில்தான் 'இ' குடியிருக்கிறது. தட்டச்சு செய்தவர் சில இடங்களில் எழுத்துருவை ஆங்கிலத்துக்கு மாற்றிக் காற்புள்ளி இட்டிருக்கிறார். மாற்றிக்கு எழுத்துரு மாறியது தெரியாது. எல்லாவற்றையும் பாமினி என்றே கொண்டு மாற்றிவிட்டது. இதே காரணத்தால் நிலங்களின் அளவை எண்ணுக்கு முன்னால் ஆங்கிலத்தில் இருந்த 'எஸ்.எஃப்.' என்பது 'ளு.கு.' ஆகிவிட்டது. "ளு.கு. எண்" என்று படித்த ஐயா, "இது எந்த ஊர்ப் பட்டா தம்பி?" என்று கேட்டுச் சிரித்தார்.

அடுத்தது ஔகாரம். இதுதான் கதையின் வில்லன். பழைய எழுத்துருக்களில் 'கௌ' என்பதற்குத் தனி உருவம் இல்லை. ஒற்றைக்கொம்பு, க, ள என்று மூன்று துண்டுகளை அடுத்தடுத்து வைத்தால் கண்ணுக்குக் 'கௌ' ஆகிவிடும். ஔகாரக் குறியின் பின்பாதியும் 'ள' என்ற எழுத்தும் ஒரே வடிவம் அல்லவா? மாற்றி என்ன செய்யும்? மூன்றையும் சேர்த்துக் 'கௌ' என்று கொள்வதா, 'கெ' என்றும் 'ள' என்றும் பிரிப்பதா? எல்லாவற்றையும் பிரிக்கும் மாற்றிகள் 'கெளரவம்', 'பெளர்ணமி' என்று துப்புகின்றன. எல்லாவற்றையும் சேர்க்கும் மாற்றிகள் இன்னும் கொடியவை. 'வெளியீடு' அவற்றின் கையில் 'வௌியீடு' ஆகிறது, 'வெள்ளி' என்பது 'வௌ்ளி' ஆகிறது, 'தெளிவு' தன் தெளிவை இழந்து 'தௌிவு' ஆகிறது. இணையத்தில் இத்தகைய சொற்களைக் காணாதவர் இருக்க முடியாது. ஐயாவின் மீன்கள் பகுதியில் 'கெளிறு' என்றொரு மீன் இருந்தது. மாற்றியிலிருந்து அது 'கௌிறு' என வந்தது. வெளியீடு, வெள்ளி முதலியன யாவரும் அறிந்த சொற்கள்; பிழையைப் பார்த்தவுடன் திருத்திவிடலாம். கெளிற்று மீனை அறியாத ஒருவர் இதைத் திருத்தினால் என்ன எழுதியிருப்பார்? அதனால்தான் இது வெறும் கணிப்பொறி வேலை அன்று என்கிறேன்.

இதற்கு ஒரு விதி கூறலாம். 'ள' என்பதற்குப் பின்னால் புள்ளியோ, வேறோர் உயிர்க்குறியோ வந்தால் அது மெய்யான ளகரம். வெறும் 'ள'வாக நின்றால் பெரும்பாலும் ஔகாரம். நண்பர் இதை ஒரு சிறு நிரலாக எழுதினார். பிழைகளில் பெரும்பகுதி தீர்ந்தது. எஞ்சியவற்றை ஐயாவின் கண்தான் தீர்த்தது.

மூன்றாவது, எங்கள் ஊருக்கே நேர்ந்த இடர். கம்பைநல்லூர் என்ற பெயரின் இறுதியில் ஒரு 'ர்' இருக்கிறது. பழைய அச்சு மரபிலும் தட்டச்சு மரபிலும் இந்த எழுத்துக்கு ரகரத்தின் கீழ்க்கோட்டைப் போடாமல், காலின் தலையில் புள்ளி வைத்தே எழுதிவிடுவார்கள். கால்மேல் புள்ளி வராது என்பதால் படிப்பவர் அதை ரகரம் என்றே கொள்வார், கீழ்க்கோடு தேவையில்லை. மனிதருக்கு எவ்வளவு அழகான சிக்கனம்! அதே சிக்கனம் கணிப்பொறிக்கு நஞ்சாயிற்று. விவரமான மாற்றிகள் இதை ரகரமாகத் திருத்திவிடும். மற்றவை உள்ளபடியே விட்டுவிடும். ஆகவே 'கம்பைநல்லூர்' என்பது 'கம்பைநல்லூா்' ஆகிறது. 'தருமபுரி' என்பது 'தருமபுாி' ஆகிறது. இரண்டையும் அருகருகே வைத்து உற்றுப் பாருங்கள். சில எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. ஆனால் தேடினால் ஒன்றுக்கு மற்றொன்று கிடைக்காது. 'அவர்' என்று தேடினால் 'அவா்' வராது. அலுவலக அறிக்கைகளிலும், செய்தித்தாள்களின் இணையப் பக்கங்களிலும் இந்தப் போலி ரகரம் இன்றும் உலவுகிறது. ஊரும் மாவட்டமும் கண்ணெதிரே எழுதப்பட்டிருந்தும் காணாமல் போகின்றன.

சுவடிப் பெட்டியின் பழைய சிக்கல்

இந்த இடத்தில் தமிழ் மாணவர்களுக்குப் பழைய செய்தி ஒன்று நினைவுக்கு வந்திருக்கும். ஓலைச்சுவடியில் காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு இல்லை. புள்ளி வைப்பதும் இல்லை. வைத்தால் ஓலை கிழியும். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் கொம்பு ஒன்றே. இன்றுள்ள வேறுபாடு வீரமாமுனிவர் காலத்துக்குப் பிறகே நிலைபெற்றது என்பர். ஆகவே ஓலையில் உள்ள ஒரு வரியைப் பலவாறு படிக்கலாம். எது சரி என்று பொருளும் யாப்பும் அறிந்தவரே முடிவு செய்ய வேண்டும். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது செய்த வேலையில் ஒரு பகுதி இதுதான். ஓலையிலிருந்து அச்சுக்கு எழுத்தை மாற்றினார் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அவரை மாற்றி என்று யாரேனும் அழைப்பார்களா? பதிப்பாசிரியர் என்றுதானே போற்றுகிறோம்? அந்தப் புறநானூற்றில்தான் ஔவையார் அதியமானைப் பாடிய பாடல்கள் இருக்கின்றன. அவர் தடுமாறி நின்ற அதே காலும் ரகரமும் நூறாண்டு கழித்துக் கணிப்பொறித் திரையில் நம்மை வந்து மறிக்கின்றன. விந்தை அன்றோ!

சோழர் காலத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் இராசராசன் ஆணையிட்டபோது, அதில் இருந்த கல்வெட்டுகளைப் பிரிப்பதற்கு முன்னரே புத்தகத்தில் படியெடுத்து வைக்கச் செய்தான். அவை அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. படியெடுப்பு முதலில், பிரிப்பு பிறகு. புதிய கணிப்பொறி வந்த மகிழ்ச்சியில் பழையதை எடைக்குப் போடும் நம் அலுவலகங்களும் அச்சகங்களும் இந்த வரிசையைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம்.

மறுப்புகளும் உண்டு. "அச்சிட்ட நூல் இருக்கிறதே, போதாதா?" என்பார்கள். நூல் இருந்தால் நல்லதுதான். ஆனால் எங்கள் ஐயாவினுடையதைப் போல அச்சேறாத கோப்புகள் எத்தனை ஊர்களில் எத்தனை தகடுகளில் கிடக்கின்றனவோ! "பி.டி.எஃப். செய்து வைத்துவிட்டோம்" என்பார்கள். பழைய எழுத்துருவில் செய்த பி.டி.எஃப். ஒரு புகைப்படம் போன்றது. பார்க்கலாம், அச்சிடலாம். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்துப் பாருங்கள்; முகமூடி கழன்று ஆங்கிலக் குறிகள் கொட்டும். பார்வையற்ற மாணவர்களுக்குப் படித்துக் காட்டும் மென்பொருளும் அந்தக் குறிகளைத்தான் படிக்கும்.

"அச்சுப் பக்கத்தைப் படம் எடுத்தால் கணிப்பொறியே படித்துக்கொள்கிறதே" என்று கேட்போரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தெளிவான அச்சு கையில் இருந்தால், பழைய கோப்போடு மல்லுக்கட்டுவதைவிட அந்த வழி விரைவானது என்பதை நானே ஒப்புவேன். ஆனால் அதற்கும் காலும் ரகரமும் குழம்பத்தான் செய்யும். செயற்கை நுண்ணறிவிடம் திருத்தக் கொடுக்கலாம் என்பது இன்றைய பேச்சு. அதில் எனக்கு ஓர் அச்சம் உண்டு. அது பழகிய சொல்லை நோக்கியே சாயும். எங்கள் பக்கத்து வயற்பெயர் ஒன்றை அது அறிந்திருக்க வழியில்லை; அறிந்த சொல்லாக மாற்றி, பிழையே இல்லாததுபோல் அழகாக நீட்டிவிடும். 'கௌிறு' என்று கோணலாக நின்றால் யாரேனும் ஐயுறுவார்கள். அழகான பிழையை யார் ஐயுறுவார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருங்குறியில் எல்லாம் சரியாகிவிட்டது என்று பாடவும் நான் வரவில்லை. 'ஸ்ரீ' என்ற ஒன்றை அதில் இரண்டு விதமாக எழுதலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் அடிப்படை ஒன்றில் அது நேர்மையாக இருக்கிறது. அது எழுத்துக்கு எண் தருகிறது, உருவத்துக்குத் தருவதில்லை. 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தபோது, யானைத் துதிக்கை போட்ட பழைய 'ணை', 'லை', 'னை' முதலியன போய்ப் புதிய வடிவங்கள் வந்தன. அதற்காக அச்சுக்கூடங்கள் அச்செழுத்தையே மாற்ற வேண்டியிருந்தது. ஒருங்குறியில் பழைய துதிக்கைக்கும் புதிய வடிவுக்கும் எண் ஒன்றே. தாத்தாவின் எழுத்துருவில் திறந்தால் துதிக்கை தெரியும்; பேரனின் எழுத்துருவில் திறந்தால் புதிய வடிவம் தெரியும்; ஆவணம் மாறாது. மதுரைத் திட்டம் என்ற பெயரில் கு. கல்யாணசுந்தரம் அவர்களும் தன்னார்வலர்களும் 1998 பொங்கல் முதல் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவருகிறார்கள். அவர்களும் முன்னாளில் திஸ்கி முறையில் இட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்குக் கொண்டுவந்தார்கள். இது நடக்கக்கூடிய காரியம்தான் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

இனி நம் கல்லூரிக்கு வருகிறேன். இந்த ஆண்டு மலர் அச்சாகும்போது நம் கட்டுரைகளின் திருத்திய படி அச்சகத்தில்தான் இருக்கும் என்று முன்னரே சொன்னேன். அச்சுக்கூலி பேசும்போதே, பக்கம் கட்டிய கோப்பையும் அதில் பயன்படுத்திய எழுத்துருவின் பெயரையும் கேட்டு வாங்க வேண்டும். பெயரைக் காகிதத்திலும் எழுதி வைக்க வேண்டும். எங்களுக்குப் பல நாள் அலைச்சலைத் தந்தது அந்தப் பெயர் தெரியாமைதான். மாற்றிய பிறகு பழைய கோப்பை அழித்துவிடக் கூடாது. மாற்றத்தில் ஓர் ஐயம் எழுந்தால் அதுவே மூல ஓலை. கணிப்பொறி அறிவியல் துறை நண்பர்கள் ஒரு சிறு சோதனை நிரல் எழுதித் தந்தால் போதும்: காலை அடுத்துப் புள்ளி, ஔகாரக் குறியை அடுத்து இகரக் குறி என்று தமிழில் ஒருநாளும் வரமுடியாத சேர்க்கைகளை அது தேடிக் காட்டும். அச்சுப்படியோடு ஒப்பிட்டு வரிவரியாகப் படிப்பது தமிழ்த்துறை, வரலாற்றுத்துறை மாணவர்களின் பங்கு. ஏடு பெயர்த்தெழுதிய காலத்தில் ஒருவர் படிக்க மற்றொருவர் சரிபார்த்த முறையே இதற்கும் ஏற்றது என்பதை நானும் நண்பரும் கண்டோம். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஐயாவின் கோப்பில் அறுபது பக்கங்கள் முடிந்தன.

பழைய ஆண்டு மலர்களுக்கும் இதைச் செய்யலாம். எந்த ஆண்டின் மலர் எந்த அச்சகத்தில், எந்த மென்பொருளில் ஆயிற்று என்று ஒரு பட்டியல் எடுப்பது முதல் வேலை. அன்று மலர்ப்பொறுப்பு ஏற்றிருந்த பேராசிரியப் பெருமக்கள் சிலர் ஓய்வுபெற்றுவிட்டார்கள். சில அச்சகங்கள் கைமாறிவிட்டன. கேட்க வேண்டியவர்களை இந்தக் கோடை விடுமுறைக்குள் கேட்டுவிடுவது நல்லது. நூலகத்தில் உள்ள அச்சுப்படிகளின் ஆண்டுகளைக் குறித்தெடுக்கும் வேலையை நானும் நண்பரும் ஏற்றுக்கொள்கிறோம். இன்னும் நான்கு பேர் வந்தால் இரண்டு குழுக்களாகப் பிரிந்து படிக்கலாம்.